மதினிக்கு, குருவிப் பெட்டி விஷயமாக

மதினி,

நீங்கள் முதலில் கேட்கப்போவது பிள்ளைகளைப் பற்றித்தான். அதை முதலிலேயே சொல்லி முடித்துவிடுகிறேன். இல்லாவிட்டால் நான் சொல்ல வந்த எதையும் காதில் வாங்க மாட்டீர்கள். பெரியவன் மகள் பத்தாம் வகுப்பில் பள்ளிக்கூடத்துக்கே முதலாவதாக வந்திருக்கிறாள். கணக்கில் நூற்றுக்கு நூறு. நம் வம்சத்தில் கணக்கில் யாருக்கு அப்படி வந்தது, கடைக் கல்லாவில் உட்கார்ந்தே உங்கள் தம்பி கூட்டலில் தப்பு விடுகிறவர். சின்னவளுக்கு விளாத்திகுளத்தில் டீச்சர் வேலை நிரந்தரமாகிவிட்டது. அவள் மகன் ஹாக்கி மட்டையைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போகிறான். ஜில்லா டீமில் எடுத்திருக்கிறார்கள். முட்டி ரெண்டிலும் தோல் இல்லை, ஆனால் கோப்பை இருக்கிறது. நடுவிலவன் புனேயில் இன்ஜினியர். அங்கே கறிவேப்பிலையைக்கூடக் கடையில் போய் வாங்க வேண்டியிருக்கிறதாம், அதைத்தான் பெரிய கஷ்டமாகச் சொல்கிறான்.

இத்தனை பேரையும் பெற்றது நான். வளர்த்தது யார் என்று ஊரில் எவரைக் கேட்டாலும் உங்களைத்தான் சொல்கிறார்கள். நான் கடையில் பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தேனாம், நீங்கள் வீட்டில் பிள்ளை வளர்த்தீர்களாம். உண்மைதான். உண்மையாக இருப்பதால்தான் எரிச்சல் வருகிறது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். இன்று காலையில் அடித்த ஆடிக் காற்றில் தோட்டத்துக் குருவிப் பெட்டியின் முதுகுப் பலகை கழன்று விழுந்தது. குனிந்து எடுத்தேன். இத்தனை வருஷ வெயிலில் காய்ந்தும் அந்த வேப்பம்பலகையில் கசப்பு வாசனை போகவில்லை. உங்கள் தம்பி வந்து பார்த்துவிட்டு, வெந்நீர் அடுப்புக்கு ஆச்சு என்று கை நீட்டினார். பிடுங்கிக்கொண்டு வந்து அரிசி டிரம்முக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். பேத்தியின் நோட்டில் ஒரு தாளைக் கிழித்து இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். கோபம் அவர் மேல் வரவில்லை மதினி. உங்கள் மேல்தான் வந்தது.

கோவில்பட்டியில் நாங்கள் இந்த வீட்டைக் கட்டி தை மாசம் பால் காய்ச்சினபோது நீங்களும் வந்தீர்கள். தோட்டத்தில் நின்றபடியே இலையில் இருந்ததைச் சாப்பிட்டீர்கள். மத்தியான பஸ்ஸில் ஊருக்குத் திரும்பிவிட்டீர்கள். நாலு நாளில் வந்துவிடுவார்கள் என்று உங்கள் தம்பி சொன்னார். உங்களுக்கென்று ஜன்னலோரத்து அறையைக் கூட்டிப் பெருக்கி, கட்டிலுக்குப் புதுக் கயிறும் போட்டு வைத்தேன். மாசி போனது, பங்குனி போனது. கடைக்குச் சாமான் வாங்க வந்த ஊர்க்காரர் ஒருவரிடம் நீங்கள் சொல்லி அனுப்பிய பதில்தான் வந்தது. அந்த வீட்டில் குருவி இல்லையாம். குருவி கட்டாத வீட்டில் நீங்கள் இருக்க மாட்டீர்களாம்.

கேட்டதும் எனக்கு எப்படி வந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். ஊர் வீட்டின் மேற்குச் சுவர் வெடித்துக் கை நுழைகிற மாதிரி நின்றது. கரிசல் மண், வெயிலில் பிளக்கும், மழையில் ஊதும், அதன்மேல் மண்சுவர் எத்தனை நாள் நிற்கும்? ஐப்பசி மழை வருவதற்குள் உங்களை அங்கிருந்து கிளப்ப வேண்டும் என்பதுதான் உங்கள் தம்பிக்கு ஒரே கவலை. வானம் கொஞ்சம் கறுத்தாலும் கடையைப் பாதியில் சாத்திவிட்டு வாசலில் வந்து நிற்பார். அக்கா மேல் சுவர் விழுந்துவிடும் என்று அவர் பயந்து சாகிறார். நீங்கள் குருவி கேட்கிறீர்கள்.

காங்கிரீட் வீட்டில் குருவி எங்கே கட்டும்? உத்திரம் கிடையாது, ஓடு கிடையாது, ஒரு சந்து கிடையாது. அப்படியானால் அதற்கும் ஒரு வீடு கட்டிவிடுவோம் என்று முடிவு செய்தேன். ஆமாம், நான்தான். உங்கள் தம்பி இல்லை.

நிலை, கதவு செய்த ஆசாரி விட்டுப்போன வேப்பம்பலகைத் துண்டுகள் பின்னால் கிடந்தன. ஆசாரியைக் கூப்பிட்டுவிட்டால், என்னக்கா எலிப்பொறியா என்று கேட்டார். குருவிக்கு என்றதும், அடுத்து எறும்புக்கும் ஒரு மாடி கட்டிருவோம் என்று சிரித்துக்கொண்டே சைக்கிளில் ஏறினவர்தான், திரும்பி வரவே இல்லை. நானும் உங்கள் தம்பியும்தான் செய்தோம். அவர் ஆணி அடித்தால் பலகை பிளக்கும், பிளக்காவிட்டால் அவர் விரல் நசுங்கும். ஓரத்தில் அடிக்காதீர்கள், உள்ளே தள்ளி அடியுங்கள் என்று நான் சொன்னால், சுத்தியலை என்னிடம் நீட்டுவார். துளை போடக் கருவி இல்லை. கம்பியை அடுப்பில் பழுக்கக் காய்ச்சிச் சுட்டுச் சுட்டு ஓட்டை போட்டேன். புகையில் ரெண்டு கண்ணும் சிவந்துபோனது. கூரைப் பலகையைத் திறந்து மூடப் பழைய சைக்கிள் டியூபை வெட்டி ஆணி அடித்து வைத்தேன். அது கீலுக்குக் கீலும் ஆச்சு, மழைத்தண்ணி இறங்காமல் மறைப்பும் ஆச்சு. அதை நீங்கள் பார்த்தபோது ஒரு வார்த்தை பாராட்டவில்லை என்பதை இங்கே எழுதி வைக்கிறேன்.

ஆனி மாசம் பார்க்க வந்தீர்கள். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தீர்கள், பெண் பார்க்க வந்த மாமியார் மாதிரி. வாசல் தெற்குப் பார்த்து இருக்கிறது என்றீர்கள். பெட்டியைத் திருப்பி வைத்தால் கிழக்குப் பார்க்கும் மதினி, இன்னும் எங்கேயும் வைக்கவில்லை என்றேன். ஓட்டை பெரிசு, காக்கா தலையை விடும் என்றீர்கள். வேறு பலகையில் சின்னதாகச் சுட்டேன். இது சின்னது, சினைக்குருவி வயிற்றோடு எப்படி நுழையும் என்றீர்கள். மூன்றாவது பலகையைச் சுட்டபோது கம்பியை உங்கள் கையில் கொடுத்துவிடலாமா என்றிருந்தது.

கம்பம் நட்டது அதைவிடப் பெரிய கூத்து. கோடையில் தோட்டத்து மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. ஒரு வெடிப்பில் கம்பத்தை இறக்கினால் தோண்டுகிற வேலை மிச்சம் என்று உங்கள் தம்பிக்கு யோசனை. மேலே ரெண்டு சட்டி மண்ணைத் தள்ளி மிதித்துவிட்டு, மலை மாதிரி நிக்கும் பாரு என்றார். முதல் தூறல் விழுந்து மண் ஊதினதும் கம்பம் முருங்கை மரத்துப் பக்கம் சாய்ந்துவிட்டது. கிழக்குப் பார்த்த வாசல், கிழக்கும் வானமுமாகப் பார்த்தது. ஆடி பிறந்து கொஞ்ச நாளில் அதை ஒருவழியாக நிமிர்த்தினோம்.

அப்புறம் நடந்ததுதான் நீங்களும் நானும் கடைசிவரை சண்டை போட்ட விஷயம்.

குருவி வந்தது மதினி. நிஜமாகவே வந்தது. நான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். ஒரு ஆண்குருவி வாயில் காய்ந்த புல்லோடு வந்து ஓட்டையில் உட்கார்ந்து உள்ளே எட்டிப் பார்த்தது. பின்னாலேயே பெட்டைக்குருவி. கையிலிருந்த சேலையைக் கீழே போட்டுவிட்டேன். அன்றைக்கே கடைக்கு வந்த ஆளிடம் சொல்லி அனுப்பினேன், குருவி வந்தாச்சு, இனி சாக்கு சொல்ல வேண்டாம், பெட்டியைக் கட்டிக்கொண்டு வாங்க என்று.

மறுநாள் முதல் பஸ்ஸிலேயே வந்துவிட்டீர்கள். பெட்டி படுக்கை எதுவும் இல்லை, வெறும் கைப்பை. சந்தோஷத்தில் ஓடி வந்திருக்கிறீர்கள் என்று நினைத்துக் காப்பி போட உள்ளே போனேன். திரும்பி வந்து பார்த்தால் குருவி ரெண்டும் மதில்மேல் நின்று கத்துகின்றன. பெட்டியின் ஓட்டையில் பழைய துணியைச் சுருட்டி நன்றாகத் திணித்து வைத்திருக்கிறீர்கள். அந்த ஆண்குருவி வந்து துணியைக் கொத்துகிறது, இழுக்கிறது, போகிறது, வருகிறது.

என்ன மதினி இது என்று கேட்டேன்.

"ஆடியில யாராவது குடி வைப்பாவளா? ஆவணி பெறக்கட்டும். துணிய எடுத்துருதேன்."

குருவி பஞ்சாங்கம் பார்க்குமா, சினைக்குருவி முட்டையை ஆவணி வரைக்கும் வயிற்றிலேயே வைத்திருக்குமா என்று நான் கேட்ட கேள்விகள் பக்கத்து வீட்டுக்கே கேட்டிருக்கும். துணியை எடுக்கப் போனேன். கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றீர்கள். சாயங்காலத்துக்குள் குருவிகள் போய்விட்டன. எதிர்வீட்டு மீட்டர் பெட்டிக்குள் புல் அடைத்ததை என் கண்ணால் பார்த்தேன். கேட்டது நீங்கள், கட்டியது நான், வந்தது குருவி, துரத்தியது நீங்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில், உங்களுக்கு இங்கே வர இஷ்டமில்லை என்றால் நேராகச் சொல்லிவிட்டுப் போங்கள், வாயில்லாத சீவனை ஏன் நடுவில் இழுக்கிறீர்கள் என்று கேட்டுவிட்டேன்.

நீங்கள் துணி துவைக்கிற கல்லில் போய் உட்கார்ந்தீர்கள். நான் உங்கள் வீட்டுக்கு மருமகளாக வந்த நாளிலிருந்து நீங்கள் உங்கள் வீட்டுக்காரரான அண்ணனைப் பற்றி வாய் திறந்ததில்லை. மணியாச்சியில் ரயில்வேயில் வேலை பார்த்தார், கல்யாணமான புதிதில் காய்ச்சலில் போய்விட்டார் என்பதற்குமேல் எனக்கு எதுவும் தெரியாது. அன்றைக்குத்தான் சொன்னீர்கள்.

"அவியளுக்குக் குவார்ட்டர்ஸ் குடுத்தது ஆடியிலதான். வேண்டாம், ஆவணியில போவோம்னு நான் சொல்லியிருக்கணும். எனக்கும் அந்த வீட்டுக்குப் போக ஆசை, சும்மா இருந்துட்டேன். பால் காய்ச்சினது நான்தான். ஐப்பசியில அவிய இல்ல. ஒன் மாமியார், என்னப் பெத்தவதான், என்னய வாசல்ல வச்சே கேட்டா, ஆடியில அடுப்பு மூட்டினவ நீதானட்டீன்னு."

நீங்களே தொடர்ந்தீர்கள்.

"திரும்பி வந்து நம்ம வீட்டுக்குள்ள கால் வைக்கவே பயந்தேன். உத்திரத்துல குருவி இருந்துது. நான் உள்ள போனதும் பறந்துரும்னு நெனைச்சேன். பறக்கல. அந்த மாசமே குஞ்சு பொரிச்சுது. அப்பத்தான், சரி, இந்த வீடு என்னையத் தாங்கும்னு பட்டுது. இங்கன பேரன் பேத்தி ஓடுதுங்க, எம் தம்பி இருக்கான். எனக்கு முன்னால ஒரு சீவன் உள்ள போகட்டும். அது நல்லபடியா இருக்கான்னு பாத்துட்டு வாரேன்."

இதை முதலிலேயே சொல்லித் தொலைத்திருக்கலாம் இல்லையா? நான் கேட்டது அதைத்தான். தைமாசமே சொல்லியிருந்தால், கோவில்பட்டிச் சந்தையில் நாலு கோழிக்குஞ்சு வாங்கி உங்களுக்கு முன்னால் உள்ளே ஓட விட்டிருப்பேன். கம்பியும் புகையும் விரல் நசுங்கலும் எதற்கு? எத்தனையோ வருஷம் ஒரே அடுப்பில் சமைத்திருக்கிறோம். குழம்பில் உப்பு கூடினால் தெருவுக்கே சொல்வீர்கள். இதை மட்டும் உள்ளேயே வைத்துக்கொண்டு, மனுஷியை விட்டுவிட்டுக் குருவியிடம் கேட்டுக்கொண்டிருந்தீர்கள். சொல்லிவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டு, காப்பி ஆறிப்போச்சு, வேற போடு என்றீர்கள். போட்டுக் கொடுத்தேன். பஸ் ஏறிப் போய்விட்டீர்கள்.

ஆவணி முதல் முகூர்த்தத்தில் நீங்களே வந்து துணியை எடுத்தீர்கள். பெட்டிக்கு மஞ்சள் தடவினீர்கள். கம்பு தூவினீர்கள். குருவி திரும்பிப் பார்க்கவில்லை. எதிர்வீட்டு மீட்டர் பெட்டியில் குஞ்சுகளின் சத்தம் எங்கள் அடுப்படி வரை கேட்டது. எனக்கு அது என்னைக் கேலி செய்கிற மாதிரியே இருந்தது.

புரட்டாசியில் ஒரு அணில் வந்தது. ஓட்டையைப் பல்லால் கொறித்துப் பெரிதாக்கியது. நான் மூன்று பலகை சுட்டு எடுத்த அளவு ஒரு காலையில் போய்விட்டது. தேங்காய் நார், பஞ்சு, என் பழைய சேலையின் கிழிசல் என்று எல்லாவற்றையும் உள்ளே கொண்டுபோனது. விரட்டவா என்று உங்கள் தம்பி கல்லை எடுத்தார். வேண்டாம் என்றேன். மழைக்காலம் வந்துவிட்டது. குருவிக்காகக் காத்திருக்க இனி நாள் இல்லை. அணில்தான் வந்திருக்கிறது, முடிந்தால் வந்து பாருங்கள் என்று சொல்லி அனுப்பினேன். நம்பிக்கையில்லாமல்தான் அனுப்பினேன்.

வந்தீர்கள். பிறகு வாரத்துக்கு ஒருமுறை வந்தீர்கள். சாயங்காலம் வரை துவைக்கிற கல்லில் உட்கார்ந்து பெட்டியையே பார்த்துவிட்டுப் போவீர்கள். வீட்டுக்குள் வாங்க என்றால், இருக்கட்டும் என்பீர்கள். ஐப்பசி முதல் மழை பெய்து ஓய்ந்த ஒரு காலையில், ஓட்டைக்குள்ளிருந்து சின்னச் சின்னத் தலைகள் எட்டிப் பார்த்தன. கண் திறந்து, மீசை முளைத்து, ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு. நீங்கள் எழுந்து நின்றுவிட்டீர்கள். உங்கள் தம்பிக்குச் சும்மா இருக்கத் தெரியாதே. குருவின்னுல்லா சொன்ன, அணில் கணக்குல சேருமாக்கா என்று கேட்டார்.

"சீவன்னா சீவன்தாம்லே. கணக்கு என்னோடது. நான் சொல்லுதேன், சேரும்."

அடுத்த முகூர்த்தத்துக்கு வருவதாகச் சொன்னீர்கள். நான் முன்வாசலில் பெரிய கோலமாகப் போட்டு, விளக்கேற்றி, ஆலத்தி கரைத்துத் தட்டில் வைத்துக்கொண்டு நின்றேன். நீங்கள் தகரப்பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு, பின்பக்கம் முள்படலைத் திறந்துகொண்டு தோட்டத்து வழியாக வருகிறீர்கள். சத்தம் கேட்டுத் தட்டோடு ஓடி வந்தேன். முன்வாசலுக்கு வாங்க என்றால், அணில் வந்த பக்கமா வாரேன் என்று பிடிவாதம். என் கையில் ஆலத்தியைப் பார்த்ததும் பெட்டியை இறக்கிவிட்டு ஒதுங்கினீர்கள்.

"ஏட்டி, எனக்கு எதுக்கு இதெல்லாம்?"

"உங்களுக்கு யாரு எடுக்கா? அணிலுக்கு எடுக்குதேன். அசையாம நில்லுங்க."

அணில் பெட்டி உங்கள் தலைக்குமேல் இருந்தது. தட்டை மூன்று சுற்றுச் சுற்றினேன். அணிலுக்குத்தான் சுற்றினேன், வழியில் நீங்கள் நின்றீர்கள். அசையவில்லை. கண்ணை மூடிக்கொண்டு நின்றீர்கள். பொட்டு வைக்க விரலை நீட்டினபோது மட்டும் கையைப் பிடித்துக்கொண்டீர்கள். சரி, அதற்குமேல் நானும் வற்புறுத்தவில்லை. தகரப்பெட்டியின் ஒரு பக்கத்தை நீங்கள் பிடிக்க, ஒரு பக்கத்தை நான் பிடிக்க, உள்ளே போனோம். வாசற்படியில் யார் கால் முதலில் பட்டது என்று நீங்கள் குனிந்து பார்த்தது எனக்குத் தெரியும். என் காலும் உங்கள் காலும் சேர்ந்துதான் பட்டன. நான்தான் அப்படிப் பார்த்து வைத்தேன்.

ஊரில் அந்த மேற்குச் சுவர் அந்த மழையில் விழவில்லை. அடுத்த மழையிலும் விழவில்லை. அது வேறொரு எரிச்சல், அதை விடுங்கள்.

மறுநாளே ரசத்தில் புளி அதிகம் என்றீர்கள். இந்த வீட்டில் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை மதினி. நீங்கள் இருந்த வருஷங்களில் ரெண்டு கல்யாணம் நடந்தது, பிள்ளைகள் பிறந்தன, காது குத்தினோம், கடையைப் பெரிதாக்கினோம். மேலே எழுதினேனே, முதல் மார்க்கும் கோப்பையும், எல்லாம் நீங்கள் குடியிருந்த வீட்டிலிருந்து போனவைதான். இருந்தும் விசேஷம் என்று வந்துவிட்டால் நீங்கள் அடுப்படிக்குள் போய் ஒளிந்துகொள்வீர்கள். கூப்பிட்டால் குழம்பு தீய்ந்துவிடும் என்பீர்கள்.

நீங்கள் போனபிறகு சுவரில் மாட்ட ஒரு படம் தேடினோம். எல்லா ஆல்பத்தையும் புரட்டினேன். சின்னவள் கல்யாணத்தில் தூணுக்குப் பின்னால் உங்கள் சேலைத் தலைப்பு இருக்கிறது. பேத்தி காதுகுத்தில் பிள்ளையைப் பிடித்திருக்கிற ரெண்டு கை இருக்கிறது, முகம் இல்லை. பெரியவன் கல்யாணத்தில் படம் எடுக்கிற நேரம் பார்த்து நகர்ந்திருக்கிறீர்கள், பாதித் தோள் மட்டும். கடைசியில் ஓட்டுப்போடுகிற அட்டையில் இருந்ததைப் பெரிதாக்கி மாட்டியிருக்கிறோம். அதில் நீங்கள் நான் வைத்த குழம்பைச் சாப்பிட்ட முகத்தோடு இருக்கிறீர்கள். தினமும் விளக்கேற்றும்போது அந்த முகத்தைத்தான் பார்க்கிறேன்.

எனக்கு இப்போது ஒரு கெட்ட பழக்கம் வந்திருக்கிறது. எந்த வீட்டு விசேஷத்துக்குப் போனாலும் ஓரமாக ஒதுங்கி நிற்கிற பொம்பளைகள்தான் கண்ணில் படுகிறார்கள். சும்மா இருக்க முடிவதில்லை. கையைப் பிடித்து இழுத்து முன்னால் நிறுத்திவிடுகிறேன். சிலர் அழுகிறார்கள், சிலர் கையை உதறுகிறார்கள். போன வைகாசியில் ஒரு கல்யாண வீட்டில், இந்தக் கிழவிக்கு என்ன வந்தது என்று எனக்குக் கேட்கும்படியே சொன்னார்கள். உங்கள் தம்பி இனி என்னை எங்கேயும் கூட்டிப்போவதில்லை என்கிறார். யாரால் வந்த வினை என்று நான் அவரிடம் சொல்லவில்லை.

கடைசியாக ஒன்று. நீங்கள் இருக்கிற இடத்தில் போட்டோ பிடிக்கிற ஆள் ஒருத்தர்கூட இல்லாமலா இருப்பார். புதுசாக ஒரு போட்டோ எடுத்துத் தபாலில் போடுங்கள். கறுப்பு வெள்ளை என்றாலும் பரவாயில்லை. தூணும் கதவும் இல்லாத இடமாகப் பார்த்து, முகம் முழுசாகத் தெரிகிற மாதிரி நடுவில் நில்லுங்கள். அண்ணனைப் பக்கத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள்.